வாய் ஓயாத மீன்

மணியை அழுத்தினால் போதும், எஸ்தர் சிஸ்டர் கதவைத் திறந்து அடுத்த பிள்ளையை உள்ளே அனுப்பிவிடுவாள். அடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் விரல் மணிக்குப் பக்கம் வரை போய், மணியைத் தொடாமல், ஏதோ ஒரு பிள்ளை மேசையில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கரைச் சுரண்டிக்கொண்டிருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரகாசி உட்கார்ந்திருக்கிறாள். என் அறைக்கும் வெளிக்கூடத்துக்கும் நடுவே இருக்கும் சுவரை உடைத்து அந்த மீன்தொட்டியைப் பதிக்கச் சொன்னது நான்தான். கடல்நீர்த் தொட்டி, உள்ளே பாறைகள், பாறை மேல் பூப்போல் விரிந்து சுருங்கும் சில உயிர்கள், மேலே நீல விளக்கு. கூடத்திலிருந்து பார்த்தால் மீன்கள் மட்டும்தான் தெரியும், என் அறை அவர்களுக்கு வெறும் இருட்டு. என் பக்கத்திலிருந்து பார்த்தால் தண்ணீருக்கு ஊடே கூடம் முழுவதும் தெரியும், தாய்மார்கள், மடியில் பிள்ளைகள், சுவரோரம் நிற்கும் தகப்பன்மார்கள், எல்லோரும் கொஞ்சம் நீலமாக, கொஞ்சம் நெளிந்து. ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளைகள் மீனைப் பார்த்து அமைதியாகட்டும் என்று வைத்தேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது பொய்யில்லை. ஆனால் நான் பார்ப்பது தெரியாமல் அவர்கள் இருப்பதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அவள் தொட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து மீனைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன், அவள் பார்ப்பது என்னை என்றே தோன்றுகிறது. பின்வரிசையில் மின்விசிறிக்குக் கீழே அவள் புருஷன் ததேயு, தோளில் பிள்ளை. பிள்ளையின் பெயர் ரினிஷா. தூங்குகிறதா என்று தெரியவில்லை. பின்னந்தலை மட்டும் தெரிகிறது, அந்தப் பின்னந்தலை இன்னும் சிறியதாகவே இருக்கிறது. எதற்கு வந்திருக்கிறார்கள். சண்டைக்கா. சண்டைக்கு வருகிறவர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார மாட்டார்கள். ஆனால் இப்போதெல்லாம் சத்தம் போடுவதில்லையே, சட்டைப் பையில் போனை நிமிர்த்தி வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசுவார்கள், சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க என் முகம் ஓடும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இதே தெருவில் பிள்ளை பார்க்கிறேன், டாக்டர் செண்பகவல்லி என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள், என்று மனசு தன்னாலே கணக்கு எடுக்க ஆரம்பிக்கிறது. சீ. அந்தப் பிள்ளையின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே எனக்கு வரும் பயம் என் முகத்தைப் பற்றியது.

மீன் பாறையைக் கொத்திக்கொண்டிருக்கிறது. மாண்டரின் என்று பெயர், என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். உடம்பு முழுக்க நீலம், அதன் மேல் யாரோ ஆரஞ்சு மையால் வளைத்து வளைத்துக் கிறுக்கியதுபோல் கோடுகள், பட்டுப்புடவை முந்தானையில்கூட அப்படி ஒரு வேலைப்பாடு பார்த்ததில்லை. நீந்தாது, பாறைக்குப் பாறை தத்தித் தத்திப் போகும், நின்று, உற்றுப் பார்த்து, ஒரு கொத்து. மறுபடி ஒரு கொத்து. காலையிலிருந்து ராத்திரி விளக்கு அணைகிற வரைக்கும் வாய் ஓயாது. இதை வாங்கப் போன அன்று கடைக்காரர் வேண்டாம் என்றுதான் சொன்னார். இது நீங்கள் போடுகிற தீனி எதையும் தொடாது டாக்டர், பாறையில் கண்ணுக்குத் தெரியாத பூச்சி மாதிரி உயிர் இருக்கும், அதை மட்டும்தான் பிடித்துத் தின்னும், உங்கள் தொட்டி அளவுக்கு அது சீக்கிரம் தீர்ந்துபோகும், பிறகு கண்ணெதிரே காய்ந்து சாகும், பார்க்கச் சகிக்காது என்றார். நான் சிரித்தேன். "சாப்பிடாததைச் சாப்பிட வைக்கிறதுதானே என் வேலை" என்றேன். அந்தச் சிரிப்பு இப்போது பல்லில் மாட்டிய நார்போல் இருக்கிறது. முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாய் ஓயாமல் கொத்துகிறதே, தின்கிறது என்றுதானே நினைப்பேன். வருகிறவர்களிடம் காட்டுவேன், கடைக்காரர் பயமுறுத்தினார், பாருங்கள் எப்படிச் சாப்பிடுகிறது என்பேன். வயிறு உள்ளே ஒட்ட ஆரம்பித்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தேன். தினமும் பார்க்கிற உடம்பு மெலிவது கண்ணுக்குத் தெரியாது என்று தாய்மார்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன், அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். பிறகு முதுகு கத்தி முனைபோல் எழும்பியது. தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அந்தத் தலையை எனக்குத் தெரியும். படித்த காலத்தில் அரசு ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலுக்குக் கட்டில் சவலைப் பிள்ளைகளிடம் பார்த்த தலை. அப்போதும் நான் கடைக்காரருக்குப் போன் செய்யவில்லை. சொன்னேனே என்று சொல்லிவிடுவார். உறைய வைத்த இறாலைப் பொடியாக நறுக்கிப் போட்டேன், மீன்முட்டை வாங்கிப் போட்டேன், எல்லாம் அதன் முகத்துக்கு முன்னால் விழுந்து, அது ஒரு கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, வெறும் பாறையைக் கொத்தப் போனது. எனக்குக் கோபம் வந்தது. முன்னால் இருக்கிறதே, தின்னேன் சனியனே என்று வாய்விட்டே சொன்னேன். எஸ்தர் சிஸ்டர் வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனாள். போன வாரம் ஒரு பையன் கண்ணாடியில் மூக்கை வைத்து, இந்த மீன் ஏன் எலும்பா இருக்கு என்று கேட்டபோது, இந்த ஜாதியே அப்படித்தான் என்று அவன் அம்மாவிடம் பதில் சொன்னேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

அதே வாய்தான். பிரகாசியிடம் பேசியதும் இதே வாய்தான். முதல் தடவை வந்தபோது பிள்ளை குடிக்க ரொம்ப நேரம் எடுக்கிறது, பால் மூக்கு வழியாக வருகிறது என்றாள். நிமிர்த்தி வைத்துக் கொடு என்றேன். எல்லோருக்கும் அதைத்தான் சொல்கிறோம், பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கில் வரத்தான் செய்யும், அது நின்றுவிடும். இரண்டாம் தடவை எடை ஏறவில்லை. மூன்றாம் தடவை எடை குறைந்திருந்தது. அன்று என்ன கிழமை என்று ஞாபகமில்லை, கூட்டம் வாசல் வரை நின்றது, கதவு திறந்தே கிடந்தது, காலையிலிருந்து எனக்குத் தலைவலி. இதெல்லாம் காரணமா. காரணம் இல்லை. கதவு சாத்தியிருந்தால் மெதுவாகப் பேசியிருப்பேனா. மாட்டேன். கூட்டம் இருந்தால் எனக்குக் குரல் ஏறும், அது எனக்குத் தெரியும், ஒருத்தியைத் திட்டினால் பத்துப் பேர் திருந்துவார்கள் என்று ஒரு நினைப்பு. அந்த டாக்டரம்மா திட்டுவாவ, ஆனா கைராசி என்று தாய்மார்கள் பேசிக்கொள்வதை இந்தத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை தடவை கேட்டுக் குளிர்ந்திருக்கிறேன். பிரகாசி எடைத் தட்டிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருந்தாள், அவள் கையிலிருந்த போன் அடித்தது, எடுக்கவில்லை, வெளிச்சம் மட்டும் மின்னி மின்னி அணைந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னேன். "போன் பாக்க நேரம் இருக்கு, பெத்த பிள்ளைக்குப் பால் கொடுக்க நேரமில்ல. பிள்ளைய இப்படிப் பட்டினி போடுறதுக்கு எதுக்குப் பெத்துக்கிட்டே?" அதற்குப் பிறகு காற்றுக்குமிழி ஏறும் சத்தம் மட்டும் தொட்டியிலிருந்து வந்தது. ததேயு அவள் பக்கத்தில்தான் நின்றான். கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், லோடு இறக்கிவிட்டு நேரே வந்திருக்க வேண்டும், சட்டையில் டீசல் வாடை. அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான், புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதுபோல். நான் அதைக் கவனித்தேன். கவனித்து, நல்லது, இனி வீட்டில் கொஞ்சம் கவனிப்பான் என்று நினைத்தேன். டின் பால் எழுதிக் கொடுத்தேன். தாய்ப்பால் பேச்சையே விட்டுவிடு, அளந்து கலக்கிப் பாட்டிலில் கொடு, உன் புருஷனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடு என்றேன். அவள் கண்ணீர் விடவில்லை. பிள்ளையின் குல்லாவைச் சரிசெய்தாள், வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த டோக்கன் என்று நான் குரல் கொடுத்தேன், அந்தக் குரலில் ஒரு திருப்தி இருந்தது, நன்றாக வேலை செய்த திருப்தி.

நேற்று மத்தியானம் மதுரையிலிருந்து சண்முகவேல் பேசினான். என்னோடு படித்தவன், பிள்ளைகளுக்கு அறுவை செய்கிறவன், எப்போதும் மெதுவாகப் பேசுவான். உங்கள் பேஷண்ட் ஒன்று இங்கே வந்திருக்கிறது, அம்மாவும் மாமாவும் கொண்டுவந்தார்கள் என்றான். ரினிஷா என்று சொன்னபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, தினமும் எத்தனை பெயர். மேலண்ணம் உள்ளே பிளந்திருக்கிறது என்றான், தோல் மூடியிருக்கிறது, தோலுக்கு அடியில் சதை ஒட்டவில்லை, வாயைத் திறந்து பார்த்தால் சரியாகத்தான் தெரியும், அதனால் பிள்ளையால் உறிஞ்சவே முடியவில்லை, நாள் முழுக்க வாயை வைத்துச் சப்பும், உள்ளே போவது கொஞ்சம்தான், பாட்டிலிலும் அப்படித்தான், பாவம், அந்த அம்மா கொடுக்காத நேரமே இல்லை போலிருக்கிறது என்றான். கடைசியில், இது கண்ணில் படாமல் தப்பிப்போவது சகஜம்தான் என்றான். அந்தச் சகஜம்தான் என்பதை அவன் சொன்ன விதம் இருக்கிறதே, அடிபட்ட இடத்தில் மெதுவாகத் துணி போடுவதுபோல் சொன்னான், துணிக்கு அடியில் எல்லாம் எரிந்தது. போனை வைத்துவிட்டு நான் செய்த முதல் காரியம் கை கழுவியது. எதற்கு என்று தெரியாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்தோடு என் ஆள்காட்டி விரலை என் வாய்க்குள் விட்டு மேலண்ணத்தைத் தடவினேன். முன்னால் வரிவரியாகக் கடினம், அதற்குப் பின்னால் வழவழப்பு, நடுவில் எலும்பு முடிகிற விளிம்பு. அந்த விளிம்பில் ஒரு பள்ளம் இருந்தால் விரலுக்குத் தெரியும். உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருந்தால் டார்ச் அடித்ததும் தெரியும். பால் மூக்கில் வருகிறது என்றால் விரலை விட்டுப் பார் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் உண்டு, நானே மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒரு விரல். பிள்ளை ஒரு நிமிஷம் அழும், அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தை நான் அவளைத் திட்டச் செலவழித்தேன். தப்பிப்போவது சகஜம் என்பதைக்கூட ஒரு மாதிரி விழுங்கிவிடலாம், டாக்டர்கள் எல்லோரும் எதையோ விட்டிருப்போம். விழுங்க முடியாதது மற்றது. பிள்ளைக்கு என்ன என்று தெரியாமல் இருந்ததைச் சொல்லவில்லை, தெரியாததைத் தெரிந்தது மாதிரி ஒரு பெண்ணின் மேல் போட்டது. அவளுக்குப் பால் கட்டியிருக்கும். நிறுத்தச் சொன்னேனே, அது அப்படிச் சொன்னவுடன் நிற்காது. எனக்குத் தெரியும். மேல்படிப்புக்காக என் மகனை அம்மாவிடம் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போன நாட்களில் வார்டில் ஏதாவது ஒரு பிள்ளை அழுதால் போதும், எனக்கு நெஞ்சு கனத்து, ரவிக்கை நனைந்து, வெள்ளைக் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு ரவுண்டில் நிற்பேன், கல்லாக வலிக்கும், ராத்திரி காய்ச்சல் வரும், பாத்ரூமில் பீய்ச்சிக் கொட்டுவேன். அவளும் கொட்டியிருப்பாள். கொட்டுவதைப் புருஷன் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாளோ. பார்த்திருந்தால் பால் இருந்தது அவனுக்குத் தெரிந்திருக்குமே. இல்லை, யாரும் பாத்ரூமுக்குள் போய்ப் பார்ப்பதில்லை.

கதவு கொஞ்சம் திறக்கிறது. எஸ்தர் சிஸ்டர் தலையை நீட்டி, "மேடம், அடுத்தது அனுப்பட்டா?" என்கிறாள். மீனுக்குத் தீனி போட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்கிறேன். கூட்டம் நிறைய இருக்கிறது என்கிறாள். தெரியும் என்கிறேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை, அவளும் அன்று கூடத்தில்தான் நின்றாள், எல்லாம் கேட்டாள், நேற்று நான் போனில் பேசியதையும் பாதி கேட்டிருப்பாள். நிஜமாகவே தீனி எடுத்து வைத்திருக்கிறேன், அதற்கொன்றும் பொய் சொல்லவில்லை. உப்பளத்துத் தண்ணீரில் ஆர்ட்டீமியா என்று ஒரு நுண்ணிய உயிர் உண்டு, இறால் பண்ணைக்காரர்கள் அதன் முட்டையை வாங்கிப் பொரிக்க வைத்துக் குஞ்சு இறால்களுக்குக் கொடுப்பார்கள். உயிரோடு அசைகிறதைத்தான் தொடும் என்றால் இதைக் கொடுத்துப் பார்ப்போம் என்று நேற்று ராத்திரி பாட்டிலில் பொரிக்க வைத்தேன். மதுரைப் போனுக்குப் பிறகு. இத்தனை நாள் விட்டுவிட்டு நேற்றுத்தான் தோன்றியது, அதை நினைத்தாலும் கூசுகிறது, பிள்ளைக்குச் செய்யாததை மீனுக்குச் செய்து கணக்கைச் சரிக்கட்டப் பார்க்கிறாயா. மீனையும் பிள்ளையையும் ஒரே மூச்சில் நினைப்பதே அசிங்கம். பாட்டிலில் ஆரஞ்சுத் தூசிபோல் ஆயிரமாயிரம் குஞ்சுகள் துள்ளுகின்றன. நீளமான குழாயில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, தொட்டியின் மேல்மூடியைத் திறக்கிறேன். மூடிக்கு மேலே சுவரில் ஒரு சாண் இடைவெளி, அது வழியே கூடத்துச் சத்தம் சட்டென்று உள்ளே வருகிறது, இருமல், ஏதோ ஒரு போனில் கார்ட்டூன் பாட்டு, மின்விசிறியின் கடகடப்பு. என் கை தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இருட்டிலிருந்து ஒரு கை மட்டும் இறங்குவது தெரியும். குழாயின் முனையை மீனுக்குக் கொஞ்சம் தள்ளி வைத்து மெல்ல அமுக்குகிறேன், ஆரஞ்சு மேகம் ஒன்று பாறை மேல் படிகிறது. மீன் நிற்கிறது. ஒரு கண் திரும்புகிறது. மீனுக்குப் பின்னால், மிக அருகில், பிரகாசியின் முகம். அவளும் குனிந்து அதையே பார்க்கிறாள். எழுந்து வந்து கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள், எப்போது எழுந்தாள் என்று நான் பார்க்கவில்லை. மீன் மேகத்துக்குள் வாயை நீட்டி ஒரு கொத்து கொத்தியது, பிறகு பின்னால் நகர்ந்து, வழக்கம்போல் வெறும் பாறைப் பக்கம் போய்விட்டது.

"அது சாப்பிடல, இல்லியா டாக்டர்?" மேலே இருக்கும் இடைவெளி வழியாக அவள் குரல் வருகிறது. மெதுவாகத்தான் கேட்டாள். குத்திக் காட்டுகிறாளா என்று அவள் முகத்தைத் தேடினேன். தண்ணீருக்குள் முகம் நெளிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அதில் நான் பயந்தது எதுவும் இல்லை. சாப்பிடாத ஒன்றை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம் அது, அவ்வளவுதான். இந்த ஜாதியே அப்படித்தான் என்ற பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வந்ததை நான் உணர்ந்தேன், அதன் வழவழப்பைக்கூட உணர்ந்தேன். "இல்லம்மா," என்றேன், "சாப்பிடல. ரொம்ப நாளா சாப்பிடல." யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு, முழங்கை வரைக்கும் ஈரமாயிருந்த கையைத் தண்ணீரிலிருந்து எடுத்தேன். அவள் தலையாட்டினாள். மீன் ஒரு கொத்து, மறுபடி ஒரு கொத்து. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம், எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அங்கேயே அப்படியே நின்றுவிடலாம் போல் இருந்தது, நடுவில் இந்தத் தண்ணீர் இருக்கும் வரைக்கும். பிறகு நான் மூடியைச் சாத்தினேன், கையைத் துடைத்தேன், மணியை அழுத்தினேன்.

அவள் மட்டும் உள்ளே வந்தாள். பிள்ளை அவன் தோளிலேயே தூங்குகிறது, எழுப்பினால் அழும், கூப்பிட்டால் அவன் கொண்டுவருவான் என்றாள். மதுரை டாக்டர் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார், பிள்ளை உறிஞ்ச வேண்டாம், நாமே அமுக்கி விடலாம், இப்போது கொஞ்சம் இறங்குகிறது, எடை தேறின பிறகுதான் ஆபரேஷன், அதுவரைக்கும் உங்கள் ஊர் டாக்டரிடம் எடை பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார், அதுதான் வந்தோம் என்றாள். அவ்வளவுதான். எடை பார்க்க வந்திருக்கிறார்கள். காலையிலிருந்து நான் கட்டி வைத்த போன், கூட்டம், சத்தம் எல்லாம் ஒன்றுமில்லாமல் போய், அது போன இடத்தில் வெட்கம் மட்டும் நின்றது. இவள் எதுவும் கேட்கப் போவதில்லை. எடையைப் பார்த்து, நல்லது, தேறி வருகிறது என்று சொல்லி அனுப்பினால் போய்விடுவாள். அடுத்த வாரமும் வருவாள். எனக்கு அப்படி ஒரு வழி திறந்து கிடக்கிறது என்று தெரிந்ததும் கால் அந்தப் பக்கமே போகப் பார்த்தது, ஒரு நொடி, ஒரு நொடிக்கும் மேல். "உட்காரும்மா," என்றேன். உட்கார்ந்தாள். வார்த்தைகளை நேற்று ராத்திரி முழுக்க அடுக்கி வைத்திருந்தேன், எல்லாமே டாக்டர் வார்த்தைகள், வெளியே தெரியாத பிளவு, அபூர்வம், கண்டுபிடிப்பது கஷ்டம். ஒன்றையும் எடுக்கவில்லை. அன்றைக்கு நான் உன்னைச் சொன்னது தப்பு, உன் மேல் ஒரு தப்பும் இல்லை, நான்தான் பார்க்கவில்லை, என்னை மன்னிச்சிரு என்று சொன்னேன். தடுமாறித்தான் சொன்னேன். சொல்லி முடித்ததும், என்ன ஒரு கேவலம், எனக்கு உடனே லேசானதுபோல் இருந்தது, அவள் பரவாயில்லை டாக்டர் என்று சொல்லப் போகிறாள் என்று அவள் வாயையே பார்த்தேன்.

அவள் அதைச் சொல்லவில்லை. சேலை முந்தானையின் நூலைச் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். "எங்கிட்ட எதுக்கு டாக்டர் சொல்லுதீய?" என்றாள். "நான் கொடுத்தது எனக்குத் தெரியும்லா." கோபம் இல்லை, விளக்கம் சொல்கிற குரல். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ததேயு அவளை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அன்றிலிருந்து பேச்சைக் குறைத்துவிட்டான். லாரியிலிருந்து போன் போட்டு, பாட்டில் கொடுத்தாயா என்று கேட்பான், கொடுத்தேன் என்றால் வீடியோவில் காலிப் பாட்டிலைக் காட்டு என்பான். பிள்ளை குடிக்காமல் மிஞ்சினதை அவள் கீழே கொட்டுகிறாளா என்று ஒருநாள் கேட்டான். கடைசியில் போனையும் அவளே அவன் கையில் கொடுத்துவிட்டாளாம், வேண்டாம் என்று. மதுரைக்கு அவள் அண்ணன்தான் கூட்டிப் போனான், ததேயுவுக்கு அன்று லோடு. திரும்பி வந்து மேலண்ணத்தில் இப்படி இருக்கிறது என்று சொன்னதற்கு, அது வேறு, இது வேறு என்றானாம். பிள்ளைக்கு நோவு இருக்கலாம், ஆனால் நீ கொடுக்கவில்லை என்று டாக்டரம்மா சும்மா சொல்லுவார்களா என்றானாம். "அவிய சின்னப்பிள்ளையில நீங்கதான் பாத்தீயளாம். காய்ச்சல்ல சாகக் கெடந்தவனப் பொழைக்க வச்சீயளாம். நீங்க சொன்னது அவியளுக்கு வேதவாக்கு." எனக்கு அந்தப் பையனை ஞாபகமில்லை. ஞாபகப்படுத்திப் பார்த்தேன், கிடைக்கவில்லை, எத்தனையோ காய்ச்சல், எத்தனையோ பையன்கள். நான் மறந்துபோன ஒரு நல்ல காரியம் அவள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. அவனை உள்ளே கூப்பிடட்டுமா, இப்போதே சொல்கிறேன் என்று எழுந்தேன். அவள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள வேண்டாம் டாக்டர். அன்னைக்கு எல்லாரும் இருக்கும்போதுதான சொன்னீய. வெளியில வச்சுச் சொல்லுங்க."

கதவு வரைக்கும் தூரம் ஒன்றுமில்லை. ஆனால் போகும்போது எனக்கு என்னென்னவோ தோன்றிக்கொண்டே இருந்தது, அவனை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப் போகலாம், கூட்டம் குறைந்த பிறகு சொல்லலாம், இந்த ஊரில் ஒருத்தர் கேட்டால் ஊரே கேட்ட மாதிரி, நாளைக்கு ஒரு தாய் நான் சொன்ன மருந்தைக் கொடுக்கலாமா என்று யோசிப்பாள், அது பிள்ளைகளுக்குத்தானே கெடுதல் என்று பிள்ளைகளையே கொண்டுவந்து முன்னால் நிறுத்தினேன். பிரகாசி எனக்குப் பின்னால் வரும் சத்தம் கேட்டது. கூடத்தில் கால் வைத்ததும் பேச்சு அடங்கியது, நான் வெளியே வந்தால் யாரையோ திட்டத்தான் வருவேன் என்று அவர்களுக்குத் தெரியும், ஒருத்தி அவசரமாகப் பிள்ளையின் வாயிலிருந்து பிஸ்கட்டைப் பிடுங்கி ஒளித்தாள். ததேயு பிள்ளையோடு எழுந்து நின்றான். உட்காருப்பா என்றேன், உட்காரவில்லை. பக்கத்தில் பார்த்தால் இன்னும் பையன்தான், மீசை சரியாக அரும்பவில்லை, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"ததேயு," என்றேன். என் குரல் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. "அன்னைக்கு எல்லாரும் கேக்க உன் வீட்டுக்காரி பிள்ளைக்குப் பால் கொடுக்கலன்னு நான் சொன்னேன். அது நெசம் இல்ல. அவ கொடுத்திருக்கா. பிள்ளையால உறிஞ்ச முடியல. ஒரு விரல வாய்க்குள்ள விட்டுப் பாத்திருந்தா எனக்கு அது தெரிஞ்சிருக்கும். நான் பாக்கல. பாக்காம அவளப் பட்டினி போட்டவன்னு சொல்லிட்டேன். தப்பு என்மேல."

கார்ட்டூன் பாட்டை யாரோ நிறுத்தினார்கள். எஸ்தர் சிஸ்டர் மருந்துச் சீட்டுகளை அடுக்குவதை விட்டுவிட்டு நின்றாள். ஏதாவது ஒரு முகம் என்னை மன்னிக்கிறதா என்று தேடினேன், தேடுவதை நிறுத்த முடியவில்லை, எல்லோரும் என்னை விட்டுவிட்டு அவனைத்தான் பார்த்தார்கள். அவன் நான் சொன்னதை வரி வரியாக உள்ளே திரும்பச் சொல்லிப் பார்ப்பதுபோல் நின்றான். தோளில் பிள்ளை புரண்டு, மூக்கில் ஒரு கரகரப்போடு மூச்சு விட்டு, மறுபடி தூங்கியது.

"அப்போ பால் இருந்துச்சா?" என்று கேட்டான்.

என்னைத்தான் கேட்கிறான் என்று நினைத்து வாயைத் திறந்தேன். அவன் எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்துச்சு," என்றாள் பிரகாசி.

"இப்போ?"

"இப்போ வத்திட்டு."

அவன் கண் நிறைந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. அவள் எனக்குப் பக்கவாட்டில் நடந்து அவனிடம் போனாள், அவன் தோளிலிருந்து பிள்ளையைத் தூக்கம் கலையாமல் வாங்கினாள், தலையைத் தன் கழுத்தோடு சேர்த்துக்கொண்டாள். எடை பார்க்கலாமா டாக்டர் என்று கேட்டாள். கேட்டுவிட்டு என் பதிலுக்கு நிற்காமல் உள்ளே நடந்தாள். அவன் அவள் பின்னால் போனான். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் போனேன்.